ஜெனீவா 2025 புதுவரவுகள்: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது?

ஜெனீவா விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பாலெக்ஸ்போ அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் ‘வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்’தான் இன்றைக்குக் கைக்கடிகாரத் தொழிலின் மிகப் பெரிய கண்காட்சி. பாசல் நகரில் நடந்துவந்த பழைய கண்காட்சி 2019உடன் நின்றுபோனது. ரோலெக்ஸ், படேக் பிலிப் போன்ற பெரிய பெயர்கள் அங்கிருந்து விலகி இங்கே வந்து சேர்ந்தன. 2025 ஏப்ரல் 1 முதல் 7 வரை நடந்த கண்காட்சியில் 60 நிறுவனங்கள் தங்கள் புதுவரவுகளைக் காட்டின.

தலைப்புச் செய்திகளைப் பிடித்தவற்றில் இரண்டு சாதனைகள் முக்கியமானவை. 270ஆவது ஆண்டைக் கொண்டாடிய வஷரோன் கான்ஸ்டன்டின், 41 செயல்பாடுகளை 1,521 பாகங்களில் அடக்கிய ‘சோலாரியா’ என்ற கடிகாரத்தைக் காட்டியது. எட்டு ஆண்டு உழைப்பு. அத்தனையும் 45 மில்லிமீட்டர் அகலத்துக்குள், 15 மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்துக்குள் அடங்கியிருக்கிறது. முதன்முறையாக இந்தக் கண்காட்சிக்கு வந்த புல்காரி, வெறும் 1.85 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு டூர்பியோனை, அதாவது நேரம் காக்கும் உறுப்பே சுழன்றுகொண்டிருக்கும் கடிகாரத்தைச் செய்து காட்டியது. மனிதக் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டும் சான்று. மனமாரப் பாராட்டலாம். ஆனால் வாங்கும் கணக்கில் இவற்றைச் சேர்க்க முடியாது.

இந்தக் கட்டுரை வேறொருவருக்காக. பல ஆண்டுகள் சேமித்து, நல்ல இயந்திரக் கைக்கடிகாரம் ஒன்றே ஒன்று வாங்கி, அதை அன்றாடம் கட்டி, கடைசிவரை வைத்திருக்க நினைப்பவர் அவர். அவருக்கு நான் மூன்று கேள்விகளை முன்வைப்பேன். நேரத்தை எது, எப்படிக் காக்கிறது? முப்பது ஆண்டுகள் கழித்து அதைப் பழுதுபார்க்க முடியுமா? மணிக்கட்டில் சரியாக உட்காருகிறதா? பெயர், மறுவிற்பனை மதிப்பு, யார் கையில் பார்த்தோம் என்பதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

2025 இந்த முதல் கேள்விக்கு வளமான ஆண்டு. நேரம் காக்கும் உறுப்பையே மாற்றி யோசித்த இரண்டு கடிகாரங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது, மற்றது ஜப்பானியர்களுடையது. அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர்

வெளியிலிருந்து பார்த்தால் இது 1970களின் சாயல் கொண்ட கடிகாரம். உறையும் உலோகப் பட்டையும் ஒரே துண்டாக ஓடுகின்றன. விளிம்பில் வரிவரியான வளையம், முகப்பில் தேன்கூட்டு வடிவம், 6, 9 ஆகிய இடங்களில் மட்டும் எண்கள். தேன்கூடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வளையமே போதிய அலங்காரமாக இருக்கும்போது முகப்பும் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டிய காரணம் முகப்பின் அடியில் இருக்கிறது.

சாவி கொடுத்த சுருள்வில் அப்படியே விட்டால் நொடியில் அவிழ்ந்துவிடும். அதன் விசையைச் சம அளவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே விடுவது எஸ்கேப்மென்ட் என்ற உறுப்பின் வேலை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த நெம்புகோல் முறையிலிருந்து வளர்ந்த வடிவமே இன்றைக்குப் பெரும்பாலான இயந்திரக் கடிகாரங்களில் இருக்கிறது. அதில் சக்கரத்தின் பற்கள் இரண்டு சிவப்புக்கல் துண்டுகளின் முகத்தில் உராய்ந்து, வழுக்கியபடி விசையைக் கொடுக்கின்றன. உராய்வு இருப்பதால் எண்ணெய் தேவை. எண்ணெய் காலப்போக்கில் கெட்டிப்படும், பரவும், காயும். கடிகாரம் சில ஆண்டுகளில் தடுமாறத் தொடங்குவதற்கும் சர்வீஸுக்குப் போவதற்கும் இந்த எண்ணெய் ஒரு முக்கியக் காரணம்.

1789 வாக்கில் பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் இதற்கு மாற்று யோசித்தார். ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு சக்கரங்கள், இப்புறமும் அப்புறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மாறி மாறி உந்துதல் கொடுத்தால் இந்த வழுக்கல் பெரும்பாலும் தேவைப்படாது. யோசனை அருமையானது. ஆனால் சக்கரங்களின் எடையும் பற்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளியும் அவர் காலத்து உலோக வேலைப்பாட்டுக்குச் சவாலாகவே இருந்தன.

லேண்ட்-டுவெல்லரின் 7135 இயந்திரத்தில் ரோலெக்ஸ் பொருத்தியிருக்கும் ‘டைனபல்ஸ்’ அந்தப் பழைய யோசனையின் வழியில் வந்தது. சிலிக்கானில் வடித்த இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றிச் சுழல்கின்றன. அவற்றின் பற்கள் ஒரு சிறிய ஆடுகோலை இப்புறமும் அப்புறமும் மாறி மாறித் தள்ள, அந்த ஆடுகோல் பேலன்ஸ் சக்கரத்துக்கு உந்துதலைக் கொண்டுசேர்க்கிறது. பற்கள் வழுக்குவதில்லை, உருண்டு தள்ளுகின்றன. சுவிஸ் நெம்புகோல் முறையைவிட இது சுமார் 30 சதவீதம் கூடுதல் திறன் கொண்டது என்கிறது நிறுவனம். மிச்சமான ஆற்றலை அவர்கள் வேகத்தில் செலவழித்திருக்கிறார்கள். வழக்கமாக நொடிக்கு 8 முறை நகரும் முள் இங்கே 10 முறை நகர்கிறது. பேலன்ஸ் வேகமாக ஆட ஆட, கையசைவும் அதிர்ச்சியும் அதைக் குலைப்பது குறையும். அப்படியிருந்தும் முழுச் சாவியில் 66 மணி நேரம் ஓடுகிறது. பேலன்ஸின் அச்சு செராமிக், மயிரிழைச் சுருள் சிலிக்கான்; இரண்டும் காந்தத்துக்கு அசைந்துகொடுக்காதவை. கைப்பை மூடி, கைப்பேசி, ஒலிபெருக்கி என்று நாள் முழுதும் காந்தங்களுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நிறுவனம் தரும் உறுதி, நாளொன்றுக்கு 2 நொடிக்குள் கூடவோ குறையவோ செய்யும் என்பது. 40 மில்லிமீட்டர், 36 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் உண்டு. கனம் 9.7 மில்லிமீட்டர். 100 மீட்டர் நீர்க்காப்பு. எஃகு உடலும் வெள்ளைத் தங்க வளையமும் கொண்ட 40 மில்லிமீட்டர் வகை அறிமுகத்தின்போது ஏறத்தாழ 15,000 டாலர்.

சராசரி மணிக்கட்டுக்கு 36ஐயே முதலில் கட்டிப் பாருங்கள். பட்டை உறையோடு ஒன்றியிருப்பதால் 40 மில்லிமீட்டர் வகை சொல்லப்பட்ட அளவைவிடப் பெரிதாகத் தெரியும். தோல் பட்டைக்கு மாற்றும் வழியும் இதில் இல்லை. எந்தப் பட்டையோடு வாங்குகிறீர்களோ அதோடுதான் கடைசிவரை. இது பலரும் யோசிக்காமல் விடும் விஷயம்.

கிராண்ட் செய்கோ ஸ்பிரிங் டிரைவ் யு.எஃப்.ஏ.

ரோலெக்ஸ் எஸ்கேப்மென்ட்டைச் சீர்படுத்தியது என்றால், கிராண்ட் செய்கோ அதைத் தூக்கியே விட்டது. இந்த வேலை 2025இல் தொடங்கியதல்ல. தாய் நிறுவனமான செய்கோவின் பொறியாளர் யோஷிகாசு அகஹானேயின் மனத்தில் 1977இல் முளைவிட்ட யோசனை இது. ஸ்பிரிங் டிரைவ் கடிகாரம் விற்பனைக்கு வந்தது 1999இல். அதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த வேலையின் கனியைப் பார்க்காமல் போவது வருத்தமான விஷயம். அவர் தொடங்கிய வேலை எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு யு.எஃப்.ஏ. (‘அல்ட்ரா ஃபைன் ஆக்யுரசி’, மிக நுண்ணிய துல்லியம்) சாட்சி.

இதன் இயக்கம் இப்படி. சுருள்வில் உண்டு, அது தரும் விசையைக் கடத்தும் பல்சக்கர வரிசை உண்டு. ஆனால் வரிசையின் முடிவில் பேலன்ஸ் சக்கரத்துக்குப் பதில் ஒரே திசையில், நொடிக்கு எட்டுச் சுற்று என்று சுழலும் சிறு சக்கரம் இருக்கிறது. அது சுழலும்போது கம்பிச்சுருளில் மிக மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தையும் ஒரு மின்னணுச் சில்லையும் இயக்கப் போதுமானது. படிகத்தின் அதிர்வோடு சக்கரத்தின் சுழற்சியைச் சில்லு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சக்கரம் முந்தினால் காந்தப் பிரேக்கை அழுத்துகிறது. மின்கலம் கிடையாது, மோட்டார் கிடையாது. முட்களைத் தள்ளுவது சுருள்வில் மட்டுமே.

சாதாரண ஸ்பிரிங் டிரைவ் மாதத்துக்கு 15 நொடிக்குள் நிற்கும். யு.எஃப்.ஏ.வில் உள்ள 9ஆர்பி2 இயந்திரத்தின் கணக்கு வேறு: ஆண்டுக்கு 20 நொடி. சுருள்வில்லால் ஓடும் கைக்கடிகாரங்களில் இதைவிடத் துல்லியமானது எதுவும் இல்லை என்று நிறுவனம் சொல்கிறது. மறுப்பதற்கு யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 2 நொடி தவறும் கடிகாரம் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறினால் ஆண்டுக்கு 12 நிமிடத்துக்கு மேல் போகும். அதோடு இந்த 20 நொடியை வைத்துப் பாருங்கள்.

இந்தத் துல்லியம் பொறுமையால் வந்தது. குவார்ட்ஸ் படிகங்களை மூன்று மாதம் பதப்படுத்தி, அவற்றின் நடத்தை நிலைபெற்றபின் தேர்ந்தெடுக்கிறார்கள். படிகத்தையும் சில்லையும் வெற்றிடத்தில் ஒன்றாக அடைத்து, வெப்பமும் ஈரப்பதமும் அண்டாமல் காக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொரு சிறு ஏற்பாடு. ஆண்டுகள் போகப் போகப் படிகம் சற்றே மாறும். அப்படி மாறும்போது சர்வீஸில் திருத்திக்கொள்ள இயந்திரத்திலேயே ஒரு சரிசெய்யும் வசதியை வைத்திருக்கிறார்கள். விற்றபிறகு இருபது ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று வரைபட மேசையிலேயே யோசித்தவர்கள் செய்த வேலை இது.

டைட்டானியம் உறை, 37 மில்லிமீட்டர் அகலம், 11.4 மில்லிமீட்டர் கனம், 72 மணி நேர ஓட்டம். முகப்பு, நாகானோ மாகாணத்தின் கிரிகாமினே மேட்டுநிலத்தில் உறைபனி போர்த்திய மரங்களை நினைத்து வார்த்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது செங்குத்தான கீறல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும், நேராக விழும்போது வெறும் வெளிர் நீலமாக அடங்கிவிடும். நொடிமுள் துள்ளாமல் வழிந்து போகிறது. கொக்கியில் இருந்தபடியே பட்டையின் நீளத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் வசதியையும் ஒருவழியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். கிராண்ட் செய்கோ வைத்திருப்பவர்கள் இதைத்தான் நீண்டகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கை உப்பும்போது இதன் அருமை தெரியும். அறிமுக விலை ஏறத்தாழ 11,000 டாலர்.

இங்கே ஒரு வழக்கு உண்டு. குவார்ட்ஸ் இருந்தால் அது இயந்திரக் கடிகாரமா? மறுப்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். இயந்திரக் கடிகாரத்தின் உயிர் என்பது தானே ஆடும் அந்தப் பேலன்ஸ்தான், அது இல்லாதபோது மிச்சமெல்லாம் உடல் மட்டுமே என்பது அவர்கள் நிலை. யு.எஃப்.ஏ.வைக் காதில் வைத்தால் டிக்டிக் ஓசை கேட்காது. அந்த ஓசைக்காகவே கடிகாரம் வாங்குபவர் இதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம், அதில் தவறே இல்லை. என் நிலை வேறு. ஆற்றல் சுருள்வில்லிலிருந்து வருகிறது, கையசைவே அதற்குச் சாவி கொடுக்கிறது, நேரத்தைக் காட்டும் அத்தனை வேலையையும் பல்சக்கரங்கள் செய்கின்றன, ஒருபோதும் மின்கலம் மாற்ற வேண்டியதில்லை. கழற்றி வைத்தால் மூன்று நாளில் நின்றுபோகும், மறுபடி கட்டினால் உயிர்பெறும். எனக்கு அது இயந்திரக் கடிகாரம்தான்.

குறையும் சொல்ல வேண்டும். 37 மில்லிமீட்டர் அகலத்துக்கு 11.4 கனம் சற்றுக் கூடுதல். இறுக்கமான சட்டைக் கைக்குள் அது சுலபமாக நுழையாது. ரோலெக்ஸின் 9.7 இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது.

ஜெனித், பழைய போட்டியாளரின் மறுவருகை

துல்லியம் என்று பேச்சு வந்தபிறகு ஜெனித்தை விட்டுவிட்டுப் போக முடியாது. கைக்கடிகாரங்களைப் பல வாரங்கள் வெவ்வேறு நிலைகளிலும் வெப்பத்திலும் வைத்துச் சோதித்துப் பரிசளிக்கும் வழக்கம் ஒருகாலத்தில் சுவிஸ் வானியல் ஆய்வகங்களில் இருந்தது. நோஷடெல் ஆய்வகத்தின் போட்டியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு முதலிடம் பிடித்தது ஜெனித்தின் 135 என்ற இயந்திரம். 1949 முதல் 1962 வரை தயாரிக்கப்பட்ட அந்த இயந்திரம் மொத்தம் 235 பரிசுகளைக் குவித்தது. போட்டிக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் முடிந்தவரை பெரிய பேலன்ஸை நுழைக்க வேண்டும் என்பதற்காக நடுச்சக்கரத்தையே ஒதுக்கி வைத்த வடிவம் அது.

நிறுவனம் தன் 160ஆவது ஆண்டில் அதை மறுபடி செய்திருக்கிறது. நிறுவனர் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோவின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜி.எஃப்.ஜே., பிளாட்டினத்தில் 160 மட்டுமே. நடுவில் லாபிஸ் லாசுலி கல், அதைச் சுற்றி ஆலையின் செங்கல் சுவரை நினைவூட்டும் செதுக்கல். பேலன்ஸ் அதே பழைய நிதானத்தில், நொடிக்கு ஐந்து நகர்வு என்று ஆடுகிறது. 1969இல் எல் பிரிமேரோ மூலம் நொடிக்குப் பத்து என்ற வேகத்தைக் கொண்டுவந்த அதே ஜெனித் இது என்பது நினைவில் இருக்கட்டும். ஓட்டம் 72 மணி நேரம், துல்லியம் நாளுக்கு 2 நொடிக்குள்.

ரோலெக்ஸ் வேகத்தால் எட்டும் அதே 2 நொடியை ஜெனித் பெரிய பேலன்ஸாலும் நிதானமான ஆட்டத்தாலும் எட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து யோசிக்கையில் இந்தத் தொழில் மேல் பற்று கூடுகிறது. ஆனால் அறிமுக விலை 48,900 சுவிஸ் பிராங்க். அன்றாடம் கட்டும் ஒரே கடிகாரமாக இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. பிளாட்டினம் எடை கூடியது, கீறலும் எளிதில் விழும்.

லாங்கேயும் படேக்கும்

துல்லியத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசாமல், செய்நேர்த்தியால் மனத்தைக் கொள்ளைகொள்ளும் கடிகாரங்கள் தனி வகை. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரில் இயங்கும் ஏ. லாங்கே உண்ட் ஸோனே தன் 1815 வரிசையில் 34 மில்லிமீட்டர் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1815 என்பது நிறுவனர் அடால்ஃப் லாங்கே பிறந்த ஆண்டு. இதே வரிசையின் முந்தைய கடிகாரம் 38.5 மில்லிமீட்டர். புதியதன் கனம் 6.4 மில்லிமீட்டர்தான். நீல முகப்பு, வெள்ளை எண்கள், கீழே சிறு நொடிமுள். கையால் சாவி கொடுக்க வேண்டிய எல்152.1 இயந்திரம் முழுச் சாவியில் 72 மணி நேரம் ஓடும்.

பின்புறக் கண்ணாடி வழியே பார்த்தால் பாகங்களை முக்கால்வாசி மறைக்கும் ஒரே தகடு. பூச்சு எதுவும் பூசாத ஜெர்மன் வெள்ளி, அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. நாள்பட நாள்பட இளமஞ்சளாகக் கனியும். தங்க வளையங்களுக்குள் பதித்த சிவப்புக்கற்கள், சூட்டால் நீலமாக்கிய திருகுகள். பேலன்ஸைத் தாங்கும் சிறு பாலத்தில் பூவேலை கையால் செதுக்கப்பட்டது. வார்ப்பு வைத்து அச்சடிப்பதில்லை. செதுக்குபவர் மாறினால் இதழின் வளைவும் மாறும். எந்த இரண்டு கடிகாரத்திலும் அது ஒரே மாதிரி இருக்காது.

34 மில்லிமீட்டர் ஆணுக்குச் சிறியதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்களின் கடிகாரங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருந்தன. 40ஐத் தாண்டிய அளவுகள்தான் பின்னால் வந்த பழக்கம். 2025இல் பல நிறுவனங்கள் அளவைக் குறைத்தன. அந்த வாரத்தின் மிக நல்ல செய்தி அதுதான் என்பேன்.

படேக் பிலிப் கலத்ராவா 6196பி இதற்கு நேர்ப்போட்டி. பிளாட்டினம், 38 மில்லிமீட்டர், சால்மன் நிற முகப்பு, தேதி இல்லை, கையால் சாவி கொடுப்பது, 65 மணி நேர ஓட்டம். 1932இல் 96 என்ற எண்ணோடு வந்த முதல் கலத்ராவாவின் நேர் வாரிசு என்று சொல்லும்படி இருக்கிறது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் லாங்கேதான். கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தீனி அதில் அதிகம், விலையும் படேக்கைவிட வெகுவாகக் குறைவு.

இந்த வரிசையில் கார்த்தியேயின் ‘டாங்க் ஆ கிஷே’வும் உண்டு. 1928இல் முதலில் வந்த வடிவம். முகப்பே கிடையாது. தங்கத் தகட்டில் இரண்டு சிறு சாளரங்கள், ஒன்றில் மணி எண், மற்றொன்றில் நிமிடம். பார்க்கப் பேரழகு. ஆனால் நொடி தெரியாது, ஒரே பார்வையில் நேரம் தெரிந்துகொள்ளவும் முடியாது. இரண்டாவது கடிகாரமாக வாங்க வசதி இருப்பவர்களுக்கானது.

அதிகம் செலவழிக்க விரும்பாதவருக்கு

ஏறத்தாழ 4,000 யூரோவில் நோமோஸ் தந்த ‘கிளப் ஸ்போர்ட் நியோமேட்டிக் வேர்ல்ட்டைமர்’ இந்தக் கண்காட்சியின் மிக நியாயமான பேரம். இதுவும் கிளாஸ்ஹூட்டேயில் பிறந்தது. 40 மில்லிமீட்டர் அகலம், 9.9 கனம், 100 மீட்டர் நீர்க்காப்பு. பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் நகரங்களின் வளையமும் மணிமுள்ளும் ஒரு நேர மண்டலம் நகரும். வீட்டு நேரம் வலப்புறச் சிறு வட்டத்தில் 24 மணிக் கணக்கில் அப்படியே நிற்கும். அடிக்கடி விமானம் ஏறுபவருக்கு இதைவிட எளிய ஏற்பாடு இந்த விலையில் அரிது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். முழு மணி இடைவெளி கொண்ட 24 மண்டலங்களுக்கான இயந்திரம் இது. அரைமணி, முக்கால்மணி வித்தியாசம் கொண்ட நாடுகளின் நேரத்தை இதன் வளையம் காட்டாது. உங்கள் வேலை அப்படிப்பட்ட நாடுகளோடு என்றால் இதன் சிறப்பு அம்சமே உங்களுக்குப் பயன்படாது.

அப்படியானால் டியூடர் பிளாக் பே 58இன் பர்கண்டி முகப்பைப் பாருங்கள். 39 மில்லிமீட்டர், முழுக்கச் செந்நிற ஒயின் வண்ணம், 1990களில் செய்து பார்த்து விற்பனைக்கு வராமலே போன ஒரு மாதிரியின் நினைவு. சுவிஸ் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சான்றிதழ் இருப்பதால் 15,000 காஸ் காந்தப்புலத்தையும் தாங்கும், நாளுக்கு 0 முதல் 5 நொடிவரை மட்டுமே முந்தும், பின்தங்காது. விலைக்கு இது கண்டிப்பான தரம்.

எதை எடுப்பது

மேலே உள்ளவற்றில் எதை எடுத்தாலும் வருந்த வேண்டியிருக்காது. ஆனாலும் முடிவெடுக்கும்போது மிகவும் உறுத்தும் கேள்வி பழுதுபார்ப்புதான்.

சிலிக்கான் பாகம் உடைந்தால் ஒட்டவோ வளைக்கவோ முடியாது, புதிதாக மாற்ற வேண்டும். அந்தப் பாகத்தைத் தரக்கூடியவர் செய்த நிறுவனம் மட்டுமே. ஸ்பிரிங் டிரைவின் சில்லுக்கும் இதே கதை. அதாவது லேண்ட்-டுவெல்லர் வாங்குபவர் ரோலெக்ஸ் நிலைத்திருக்கும் என்பதன் மேலும், யு.எஃப்.ஏ. வாங்குபவர் செய்கோ நிலைத்திருக்கும் என்பதன் மேலும் பந்தயம் கட்டுகிறார். லாங்கே 1815 அப்படியல்ல. பித்தளை, எஃகு, சிவப்புக்கல் என்று எல்லாம் பழைய பொருட்கள், பழைய நெம்புகோல் முறை. நூறு ஆண்டு கழித்துத் தேர்ந்த கடிகாரக்காரர் ஒருவர் தம் பட்டறையில் தேய்ந்த பாகத்தைக் கடைந்து பொருத்த முடியும். பேரக்குழந்தைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்பதே முதல் எண்ணம் என்றால், பணமும் இருந்தால், லாங்கேயை எடுங்கள். தண்ணீர், வேலை, விளையாட்டு எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்காது என்பதை ஏற்றுக்கொண்டு எடுங்கள்.

நீங்களே உங்கள் வாழ்நாள் முழுதும் கட்டப்போகிறீர்கள் என்றால் போட்டி ரோலெக்ஸுக்கும் கிராண்ட் செய்கோவுக்கும்தான். மெலிவு, 5 ஆண்டு உத்தரவாதம், உலகெங்கும் சர்வீஸ் மையங்கள், டிக்டிக் ஓசை, பேலன்ஸின் ஆட்டம் என்று ரோலெக்ஸின் பக்கம் வலுவான காரணங்கள் உண்டு. டைனபல்ஸ் ஒரு பெரிய பொறியியல் சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புத்தம்புது இயந்திரத்தின் முதல் ஆண்டுகளில் அதை வாங்க வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். கடைக்காரர் எந்த வகையைத் தருகிறாரோ அதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். இருக்கிறதே என்பதற்காகத் தங்கமோ பிளாட்டினமோ எடுத்துவிடாதீர்கள். எஃகு கிடைக்கும்வரை பொறுத்திருப்பது மேல்.

கிராண்ட் செய்கோவும் 5 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. விலை சில ஆயிரம் டாலர் குறைவு. ஸ்பிரிங் டிரைவ் என்ற அடிப்படைத் தொழில்நுட்பம் கால் நூற்றாண்டு மக்கள் கையில் சோதிக்கப்பட்டது. நேரம் காப்பதில் வேறெந்தச் சுருள்வில் கடிகாரமும் அதன் அருகில்கூட வரவில்லை. அதனால் என் தேர்வு யு.எஃப்.ஏ.

அமெரிக்காவில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கண்காட்சி நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 2 அன்றே சுவிஸ் பொருட்களுக்கு 31 சதவீத இறக்குமதி வரியை அமெரிக்கா அறிவித்தது. அது பின்னர் ஏறி இறங்கியது. அதனால் நான் சொன்ன அறிமுக விலைகளை ஓர் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டு, கடையில் அன்றைய விலையைக் கேளுங்கள். சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் கடிகாரம் கையை விட்டுப் போகும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் கனத்தைப் பற்றிய சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

யு.எஃப்.ஏ.வில் பிளாட்டினத்தில் 80 மட்டும் செய்த வகை ஒன்றும் உண்டு. அதைத் தேடி அலைய வேண்டாம். உள்ளே இருப்பது அதே 9ஆர்பி2தான். டைட்டானியம் கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருக்கும், விலையும் அதில் ஒரு பங்குதான்.